யானை அப்புறம், முதலில் மீன்

கேள்வி: எனக்கு வயது 48. கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆடிட் நெருங்கினால் தூக்கம் போய்விடும். படுத்ததும், பகலில் யார் என்ன சொன்னார்கள், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று மனசு அதையே ஓட்டிக்கொண்டிருக்கும். போன வருஷம் பிரஷர் இருப்பதாகச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார், மனசை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் தியான வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடினால் கணக்குதான் தெரிகிறது. உடன் வேலை செய்பவர் ஒருவர், மீன், பறவை, யானை என்று ஏதாவது ஒரு சின்ன உருவத்தை வரிசை வரிசையாக வரைந்து பாருங்கள், மனசு லேசாகும் என்றார். நோட்டு வாங்கி, முதல் சில நாள் மீன் வரைந்தேன். நன்றாகவே இருந்தது. அப்புறம் யானைக்குப் போனேன். அது பன்றி மாதிரி வருகிறது. போனில் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். தாளைக் கிழித்துப் போடுகிறேன். மனைவி, “எல்கேஜி பிள்ளை மாதிரி” என்று சிரிக்கிறாள். இதில் உண்மையிலேயே பலன் உண்டா, வெறும் பொழுதுபோக்கா? நான் எங்கே தப்புச் செய்கிறேன்? தியானத்துக்குப் பதிலாக இதைச் செய்யலாமா? நன்றாகப் பழகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

(பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்)

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

நீங்கள் பெரிய தப்பு எதையும் செய்யவில்லை. விலங்கைக் கொஞ்சம் சீக்கிரம் மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். மீன் வரைந்த நாட்களில் உங்களுக்குக் கிடைத்தது உண்மையான ஓய்வு. யானைக்குப் போன பிறகு இன்னொரு வேலை வந்து சேர்ந்துவிட்டது.

மீனுக்கு என்ன வேண்டும்? மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, பின்னால் வால். நாலைந்து மீன் போட்டதும் கை தானாக ஓடும். யானை அப்படி விடாது. தும்பிக்கை எவ்வளவு நீளம், நெற்றி எங்கே மேடு, பின்னங்கால் எப்படி மடங்கும், காது தோளை மறைக்குமா என்று இடத்துக்கு இடம் நின்று முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கிற இடத்திலெல்லாம் ‘சரியா, தப்பா’ என்று கேட்கிற மனசு விழித்துக்கொள்ளும். உங்கள் தொழிலே அந்த மனசை வைத்து நடப்பதுதான். பேரேடும் வவுச்சரும் ஒத்துப்போகிறதா என்று காலையிலிருந்து அதைத்தான் வேலை வாங்குகிறீர்கள். ராத்திரி படுக்கையில் பகல் பேச்சைத் தணிக்கை செய்துகொண்டிருப்பதும் அதே மனசுதான். ஓய்வுக்கு என்று உட்கார்ந்த இடத்துக்கும் அதையே கூப்பிட்டால், தாளைக் கிழிக்கத்தான் தோன்றும்.

பழைய பேச்சை ஓட்டிக்கொண்டிருக்க மனசுக்கு இடம் வேண்டும். நம் கவனம் ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் போதாது. கண் ஒரு கோட்டின் பின்னாலேயே போய், கை அதை நடத்திக்கொண்டு போகும்போது, அந்தப் பேச்சுக்கு மிஞ்சுகிற இடம் குறைகிறது. ஆனால் வேலையின் அளவு சரியாக இருக்க வேண்டும். வெறும் நேர்க்கோடாகப் போட்டுக்கொண்டிருந்தால் கை இங்கே இருக்கும், மனசு ஆடிட் அறைக்குப் போய்விடும். யானை என்றால் மனசு மார்க் போட ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை மீன், வாத்து, நத்தை, ஆமை போன்றவை. கைக்கு வேலை இருக்கும், யோசனைக்கு வேலை இருக்காது.

அப்படியானால் விலங்கு எதற்கு, வட்டமும் முக்கோணமும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அவையும் பலன் தரும். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலருக்கு வெறும் வட்டம் சீக்கிரமே சலித்துவிடுகிறது. மீனுக்கு முகம் இருக்கிறது, போகும் திசை இருக்கிறது. ஒரே மாதிரி வரைய நினைத்தாலும் ஒன்று குண்டாக வரும், இன்னொன்று எதையோ துரத்துவது போல வரும். அடுத்தது எப்படி வரும் என்ற அந்தச் சின்ன ஆர்வம் கையை நகர்த்திக்கொண்டே இருக்கும். டச்சு ஓவியர் எஷர் 1936இல் ஸ்பெயின் நாட்டு கிரனடாவில் இருக்கும் அல்ஹாம்ப்ரா அரண்மனைக்குப் போய், சுவர் ஓடுகளில் இருந்த வடிவங்களைப் படியெடுத்தார். அந்த வடிவக் கணக்கு அவரை மிகவும் ஈர்த்தது. அதில் உயிருள்ள உருவம் ஒன்றுகூட இல்லையே என்பது மட்டும் அவருக்குக் குறை. பிற்பாடு பல்லி, மீன், பறவை என்று ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்பாகும்படி, இடைவெளியே விடாமல் தாள் தாளாக நிரப்பினார். நம் ஊரிலும் காஞ்சிபுரம் பட்டுக் கரையில் அன்னமும் மயிலும் வரிசை கட்டிப் போவதையும், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி யாளி வரிசை ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். நெய்தவர்களுக்கும் செதுக்கியவர்களுக்கும் அது கடும் உழைப்பு, ஓய்வாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரே விலங்கை வரிசையாக வைத்தால் பார்க்கிற கண்ணுக்கு அலுக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பலன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். 2005இல் அமெரிக்காவில் நான்சி கரி, டிம் கேசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதலில் அவர்கள் மனதில் கொஞ்சம் பதற்றத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு 20 நிமிஷம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வட்டத்துக்குள் வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் ‘மண்டலா’ ஓவியம், இன்னொரு குழுவுக்குக் கட்டம் கட்டமான வடிவம், மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத் தாள். ‘உங்கள் இஷ்டப்படி எதையாவது தீட்டுங்கள்’ என்று வெள்ளைத் தாள் கொடுக்கப்பட்டவர்களைவிட, வடிவம் கொடுக்கப்பட்ட இரண்டு குழுக்களுக்கும் பதற்றம் நன்றாகக் குறைந்தது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்த வெள்ளைத் தாள்தான். முழுச் சுதந்திரம் என்றால் ஓய்வு என்று நினைக்கிறோம். பதறிப்போயிருக்கிற ஒருவருக்கு ‘என்ன வரையட்டும்’ என்பதே இன்னொரு பாரம். அடுத்த கோடு எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பாரம் இல்லை. உங்கள் மீனும் அதைத்தான் செய்தது.

2016இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிஷம் களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டும் தாள்கள் என்று கைக்குப் பிடித்ததைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடுகிற ஹார்மோன் அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே ஓவியம் பழகியவர், பழகாதவர் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. இது சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. அதனால் இதை வைத்துப் பெரிதாக எதையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எனக்கு வரைய வராதே’ என்ற கவலையைத் தள்ளிவைக்க இது போதும். பொழுதுபோக்கா என்று கேட்டீர்கள். ஆமாம், பொழுதுபோக்குதான். உடம்பும் மனசும் இறங்கி வருவதற்கு உதவுகிற பொழுதுபோக்கு. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, இனி எப்படி வரைவது என்று பார்ப்போம்.

தாள் சிறிதாக இருக்கட்டும். அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் உருவாக்கிய ‘ஜென்டாங்கிள்’ என்ற முறை இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதில் தாள் வெறும் மூன்றரை அங்குலச் சதுரம். ரப்பருக்கு அங்கே வேலையே இல்லை. இந்த இரண்டை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும். நோட்டின் ஒரு பக்கத்தை நாலாக மடித்து, ஒரு நாளைக்கு ஒரு கட்டம். பக்கம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதுவே டார்கெட் ஆகிவிடும். பென்சில் வேண்டாம், ஏதாவது ஒரு ஜெல் பேனா. பென்சில் இருந்தால் ரப்பரைத் தேடுவோம், ரப்பர் இருந்தால் அழிப்போம், அழித்தால் மறுபடியும் மார்க் போடும் மனசு வந்துவிடும்.

மீனைப் பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் போடலாம். வாலின் மேல் நுனி வலது பக்கம் இருக்கும். அங்கே பேனாவை வையுங்கள். கீழ்நோக்கி இடது பக்கமாக இழுத்து, மீனின் வயிற்றை வளைத்து, வாய்க்குப் போங்கள். வாயில் திரும்பி முதுகு வழியாக வளைந்து வந்து, முதலில் போட்ட கோட்டைக் குறுக்கே வெட்டி, வாலின் கீழ் நுனியில் முடியுங்கள். கட்டை விரல் நகம் அளவு போதும். அடுத்த மீனின் வாய், முதல் மீனின் வால் பிளவுக்குள் வந்து நிற்கட்டும். ஒரு வரிசை முடிந்ததும், அடுத்த வரிசையை, கோலத்தில் ஊடுபுள்ளி வைப்பதைப் போல மேல் வரிசையின் இடைவெளிகளுக்குக் கீழே ஆரம்பியுங்கள். மூன்று நாலு வரிசை வந்ததும் மீன்களுக்கு நடுவில் இருக்கிற வெள்ளை இடங்களும் ஒரு வடிவமாகத் தெரிய ஆரம்பிக்கும். அது தெரிகிற நேரம் மிக இதமானது, அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மூச்சை எண்ண வேண்டாம். பேனா வாலிலிருந்து வாய்க்குப் போகும்போது உள்ளே இழுங்கள், வாயிலிருந்து வாலுக்குத் திரும்பும்போது வெளியே விடுங்கள். திரும்பி வருகிற கோட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போட்டால், வெளிமூச்சு தானாகவே நீளும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்று நிதானமாவது உடம்பின் இயல்பு. அதற்கு நாம் கொஞ்சம் நேரம் கொடுக்கிறோம்.

இரண்டாவது வரிசையின் பாதியில் ஆடிட்டர் வந்து நிற்பார். அவரைத் துரத்த வேண்டாம், அவரோடு வாதாடவும் வேண்டாம். வந்துவிட்டார் என்று தெரிந்ததும், பேனா முனை இப்போது மீனின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதுகிலா, வயிற்றிலா? அங்கிருந்து தொடருங்கள். மறுபடியும் வருவார், மறுபடியும் பேனா முனையைப் பாருங்கள். நீங்கள் தியானத்துக்குப் பதிலாக இதைச் செய்யலாமா என்று கேட்டதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. அந்த வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றதும் இதே பயிற்சிதான். கவனம் நழுவும், நழுவியதைக் கண்டுகொள்வோம், கோபப்படாமல் திருப்பிக் கொண்டுவருவோம். மூச்சுக்குப் பதிலாக இங்கே பேனா முனை. கண்ணை மூடினால் கவலை பெரிதாகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் திறந்தபடி, கையில் ஒரு வேலையோடு பழகுவதைத்தான் நான் முதலில் சொல்வேன். அதனால் இப்போதைக்கு இதையே உங்கள் தியானமாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சி பிடிக்கவில்லை என்பது உங்கள் குறை இல்லை.

மீனுக்குக் கண்ணை மட்டும் கடைசியில் வையுங்கள். எல்லா மீனும் முடிந்த பிறகு, வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில் செய்வார்கள். அதற்கு அவர்களுடைய காரணங்கள் உண்டு. நான் சொல்வதற்குக் காரணம் வேறு. கண் வைத்ததும் மீனுக்கு ஒரு பார்வை வந்துவிடும், ‘இது அழகு, இது அசிங்கம்’ என்று நாம் பிரிக்க ஆரம்பித்துவிடுவோம். கண் இல்லாதவரை அது வெறும் கோடு, கோட்டின் மேல் யாருக்கும் கோபம் வராது.

கோணலாக ஒரு மீன் வந்தால் என்ன செய்வது? கிழிக்காதீர்கள். அடுத்த மீனையும் அதே மாதிரி கோணலாகப் போடுங்கள், அதற்கு அடுத்ததையும். மூன்று கோணல் மீன் வரிசையாக வந்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் வளைகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். திரும்ப வருகிற எதுவும் வடிவமாகிவிடும். இது கணக்குப் புத்தகத்தில் செல்லாது, அங்கே ஒரு தப்பை மூன்று முறை எழுதினால் உங்களுக்கு மெமோ வரும். இந்தக் கட்டத்துக்குள் செல்லும். உங்களைப் போல எண்களோடு வாழ்கிறவர்களுக்கு அப்படி ஓர் இடம் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளிக்கோடு பழகிய பிறகு உடம்புக்குள் நிரப்பலாம். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டன்கர் என்ற கிராமத்திலிருந்து வந்த ஜன்கர் சிங் ஷியாம் 1980களில் போபாலின் பாரத் பவன் வழியாக உலகத்துக்குத் தெரிய வந்தார். மானும் பறவையும் முதலையும் வரைந்து, அவற்றின் உடம்பு முழுவதையும் புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் நிரப்பினார். அவர் வழியில் வந்த கோண்டு ஓவியர்கள் பலரும் ஆளுக்கு ஒரு நிரப்பும் முறை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு விதை போன்ற புள்ளி, இன்னொருவருக்குப் பிறை, இன்னொருவருக்குச் சங்கிலிக் கோடு. நீங்களும் உங்களுக்கு என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னப் பிறைகளாகச் செதில் போடுவது சுலபம். ஒரு கட்டத்தில் இருக்கிற எல்லா மீனுக்கும் ஒரே நிரப்பல்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் யோசனைக்கு இடம் விடாதீர்கள்.

மீன் அலுத்தால் வாத்து. பிள்ளையார் சுழி போடுகிற அதே ‘உ’வை எழுதுங்கள். சுழியின் இடது பக்கம் ஒரு மூக்கு, கீழ்க் கோட்டின் வலது நுனியிலிருந்து கழுத்து வரை மேலே ஒரு வளைவு. வாத்து வந்துவிடும். உங்கள் கை சின்ன வயதிலிருந்து போட்டுப் பழகிய கோடு அது, புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. நத்தைக்கு ஒரு சுருள், அடியில் ஒரு நீளக் கோடு, முன்னால் இரண்டு கொம்பு. ஆமைக்கு அரை வட்டம், அதற்குள் கட்டங்கள்.

யானையை விட மனசில்லை என்றால், நிஜ யானையை மறந்துவிட்டுக் கோல யானையை எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பெரிய வளைவு, அதன் அடியில் இரண்டு சின்ன வளைவுகள், அவை கால்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. முன்பக்கம் கீழே இறங்கி நுனியில் சுருளும் ஒரு கோடு தும்பிக்கை. காதுக்கு ஒரு அரை வட்டம், வாலுக்கு ஒரு கோடு. எந்தக் காட்டிலும் இப்படி யானை கிடையாது, அதுதான் வசதி. எதோடும் ஒப்பிட முடியாது. ஒன்றின் தும்பிக்கை முன்னால் போகிற யானையின் வாலைப் பிடித்திருக்கும்படி வரிசையாகப் போட்டால் அடுத்த யானை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

போனில் மற்றவர்கள் வரைந்ததைப் பார்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். அவர்கள் போடுவது முடிந்த படம், அதுவும் நன்றாக வந்த ஒன்று. உங்களுக்குப் படம் தேவையில்லை, வரைகிற அந்த 15, 20 நிமிஷம்தான் தேவை. நீங்கள் வரைந்ததைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் நாளைக்கு வரையும்போது பக்கத்தில் நாலு பேர் நின்று பார்ப்பது போல இருக்கும்.

உங்கள் மனைவி சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் உங்களுக்கு வருத்தம் இருக்கிறது என்று புரிகிறது. ஒருவேளை அவர் காலையில் வாசலில் கோலம் போடுகிறவராக இருந்தால், ஒரு நாள் பக்கத்தில் நின்று முழுவதையும் பாருங்கள். ஊடுபுள்ளி 7, 4 வரை என்று சொல்வார்கள். நடுவில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று இறங்கி மொத்தம் 37 புள்ளி. முதலில் புள்ளி முழுவதையும் வைத்துவிட்டுத்தான் கோட்டைத் தொடுவார்கள். புள்ளி வைத்து முடித்ததும் பாதி முடிவுகள் முடிந்துவிட்டன. கிளியின் கழுத்து எந்தப் புள்ளியில் வளையும், வால் எதில் முடியும் என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும். கையும் இடுப்பும் ஒரு தாளத்தில் நகரும். யாராவது கூப்பிட்டால்கூடச் சில நேரம் காதில் விழாது. அமெரிக்க ஆய்வில் வடிவம் கொடுக்கப்பட்ட தாள் என்று நான் சொன்னேனே, அது நம் வாசலில் அரிசி மாவில் இருக்கிறது. பெண்கள் குனிந்து செய்யும் வீட்டு வேலையாக அதை வைத்துவிட்டதால், அதில் இருக்கிற ஓய்வு ஆண்களின் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் ஆண் ஒருவர் நோட்டில் மீன் போட்டால் வீட்டுக்குச் சிரிப்பு வருகிறது. ‘நீ போடுவதும் இதுதானே’ என்று வாதம் செய்யாமல், “இந்தக் கட்டத்துக்குப் புள்ளி வைத்துக் கொடேன்” என்று நோட்டை நீட்டிப் பாருங்கள். புள்ளி வைக்கிறவருக்குக் கேலி செய்யத் தோன்றாது என்பது என் எண்ணம். ‘எத்தனை புள்ளி’ என்றுதான் முதலில் கேட்பார்.

நேரத்தைப் பற்றி ஒன்று. படுக்கையில் உட்கார்ந்து வரைய வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு, படுப்பதற்குக் கொஞ்சம் முன்பு, மேஜையில் நல்ல வெளிச்சத்தில் வரையுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நாளைக்கு அலுவலகத்தில் முடிக்க வேண்டியவற்றை எழுதிவிடுங்கள். 2018இல் வெளியான பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், படுக்கும் முன் 5 நிமிஷம் நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். மனசு ஒன்றையே ஓட்டுவதற்கு மறந்துவிடுவோமோ என்ற பயமும் ஒரு காரணம். தாளில் ஏறிவிட்டால் அந்தப் பயம் தணியும். அப்புறம் மீன்.

ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட முடியவில்லை. தூக்கக் குறைவு ஆடிட் நேரத்தோடு வந்து ஆடிட்டோடு போய்விடுகிறதா? அப்படியென்றால் மேலே சொன்னது உங்களுக்கு நன்றாக உதவும். ஆடிட் முடிந்தும் தூக்கம் வராமல், பிடித்த விஷயங்களில்கூட ஈடுபாடு போய், சோர்வும் கனமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வரைந்து சரிசெய்யப் பார்க்காமல் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இனி எதற்கு இருக்க வேண்டும் என்கிற மாதிரி எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

கடைசியாக மாத்திரை. நிறுத்தக் கூடாது. மீன் எவ்வளவு நன்றாக வந்தாலும், மனசு எவ்வளவு லேசாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. ரத்த அழுத்தம் உயர்வதற்கு டென்ஷன் மட்டுமே காரணம் இல்லை. உப்பு, எடை, பரம்பரை, சிறுநீரகம், வயது என்று பல இருக்கின்றன, அவற்றில் எதையும் பேனா தொடாது. பிரஷர் அதிகமாக இருந்தாலும் பலருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற உணர்வை வைத்து முடிவெடுக்க முடியாது.

வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தால், வரைந்து முடித்த கையோடு அளந்து பார்க்க ஆசை வரும். அந்த நேரத்து எண் கொஞ்சம் இறங்கித் தெரியலாம், அதை நம்பி ஏமாற வேண்டாம். தினமும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், காபி குடித்தோ நடந்துவிட்டோ வந்தால் அரை மணி நேரம் கழித்து, 5 நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி வைத்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி அளந்து, தேதியோடு குறித்துவையுங்கள். இரண்டு வாரத்துக் குறிப்பை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை அவர் அந்த எண்களைப் பார்த்துச் சொல்வார். ராத்திரியில் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டால், மீன் வரைகிறேன் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.